பழைய காருக்கு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் தரமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டைமிங் பெல்ட் என்பது என்ஜினின் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்து ஓடும் பல் வைத்த பெல்ட். வாட்டர் பம்ப், கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை என்ஜினுக்குள் சுற்றவிடுவது. பெல்ட் மாற்றும் வேலையில் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு வரிசையில்தான் இருக்கிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார்கள். முன்பக்கம் முழுவதையும் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கடைக்கு ஆள் ஓடுகிறது. அந்த நேரத்தில் கடையில் எது இருக்கிறதோ அதுவே வண்டிக்குள் போகிறது. சரியில்லை என்று தெரிந்தாலும், பிரித்துப்போட்ட வண்டியை வைத்துக்கொண்டு யாரும் நான்கு நாள் காத்திருப்பதில்லை.

ஆகவே பாகங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து, பெட்டிகளைத் திறந்து சோதித்த பிறகே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் எழுதப்பட்டவை. மாட்டும் வேலையை நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். அவர் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது மட்டும் நம் பொறுப்பு.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி. (சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அதில் இருக்கும்), வண்டியுடன் வந்த கையேடு, கடைசியாகப் பெல்ட் மாற்றிய பில் இருந்தால் அது, ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு டார்ச். பில் இல்லாத பழைய காரை வாங்கியிருந்தால், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. இருப்பது பெல்ட்டா, சங்கிலியா என்று உறுதிசெய்யுங்கள்

காரின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் சிட்டியில் டைமிங் பெல்ட். 2003இல் வந்த அடுத்த சிட்டியில் சங்கிலி. இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் பெல்ட், அதே இன்னோவாவின் பெட்ரோலில் சங்கிலி. மாருதி ஸ்விஃப்ட்டிலோ நேர் எதிர்: 2005இல் வந்த 1.3 பெட்ரோலில் பெல்ட், டீசலில் சங்கிலி.

எனவே என்ஜின் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லாம். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் டைமிங் பெல்ட் என்று ஒரு வரி இருந்தால் பெல்ட். கையேடு இல்லையென்றால் என்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். போல்ட் வைத்து மூடிய மெல்லிய பிளாஸ்டிக் மூடி இருந்தால் பெரும்பாலும் பெல்ட். அலுமினிய வார்ப்பு மூடி எண்ணெய் கசியாதபடி ஒட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் சங்கிலி.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: பெல்ட் அறுந்தால் உங்கள் என்ஜினில் பிஸ்டன் வால்வை இடிக்குமா? கார்களில் வரும் டீசல் என்ஜின்களில் இடிக்கும் என்றே கொள்ள வேண்டும். பழைய சிட்டியின் பெட்ரோல் என்ஜினும் அந்த வகைதான். இடித்தால் வால்வுகள் வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டும். சில நேரம் பிஸ்டனும் போய்விடும். அப்படிப்பட்ட என்ஜினுக்குப் பாகம் வாங்கும்போது விலையில் பேரம் பேசலாம், தரத்தில் பேசக்கூடாது.

2. வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது எது என்று பாருங்கள்

பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் என்ஜினைப் பொறுத்தது. மூன்று வகை உண்டு.

முதல் வகையில் டைமிங் பெல்ட்டே பம்ப்பைச் சுழற்றும். பழைய சிட்டி, ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டீசல், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் 1.5 டீசல் ஆகியவை இப்படி. இவற்றில் பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் பல் தாவும் அல்லது அறுந்துவிடும். கூலன்ட் கசிந்தால் அது பெல்ட்டின் மேலேயே விழும். ஆகவே பெல்ட் மாற்றும்போது பம்ப்பைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது இன்று நன்றாக இருக்கலாம். புதிய பெல்ட்டின் ஆயுள் முழுவதும் அது தாங்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

இரண்டாம் வகையில் வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட் பம்ப்பைச் சுழற்றும். ஆனால் பம்ப்பைக் கழற்ற டைமிங் பகுதியைப் பிரித்தாக வேண்டும். பழைய ஹூண்டாய் ஆக்சென்ட் பெட்ரோல் இந்த வகை. இதிலும் சேர்த்து மாற்றுவதே லாபம், ஏனென்றால் கூலியின் பெரும்பகுதி பிரிப்பதற்குத்தான் போகிறது.

மூன்றாம் வகையில் பம்ப் முழுவதுமாக வெளியே இருக்கும். இன்னோவா டீசல் அப்படி. கசிவோ சத்தமோ ஆட்டமோ இல்லாவிட்டால் பம்ப்பை விட்டுவிடலாம். அந்தப் பணத்தை, பெல்ட்டை இழுவையில் வைத்திருக்கும் டென்ஷனர் நல்லதாக வாங்கப் போடுங்கள்.

3. பாக எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள்

டஸ்டர் டைமிங் பெல்ட் கொடுங்கள் என்று கடையில் கேட்பதுதான் தவறான பாகம் வீட்டுக்கு வரும் வழி. ஒரே காரில், ஒரே கொள்ளளவில், ஆண்டுக்கு ஆண்டு டென்ஷனரும் பம்ப்பும் மாறியிருக்கும். கடைக்காரர் ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாத அந்த ஒரு தடவை உங்களுடையதாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் உள்ள பாகப் பிரிவில் எண்ணைக் கேளுங்கள். அங்கே வாங்காவிட்டாலும் விலை விசாரிக்கும் சாக்கில் எண் கிடைத்துவிடும். பிறகு அந்த எண்ணை வைத்து, பெல்ட் தயாரிக்கும் நிறுவனத்தின் இணைய அட்டவணையில் தேடுங்கள். கேட்ஸ், கான்டினென்டல், டேகோ ஆகிய மூன்றும் வாகன நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்தால் தங்கள் எண்ணைக் காட்டும். இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருப்பதும் சகஜம். அப்போது புதிய எண்ணையே வாங்குங்கள். டென்ஷனரிலோ பேரிங்கிலோ குறை கண்டு திருத்திய பிறகு எண்ணை மாற்றியிருக்கக்கூடும். பழைய எண் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது நெடுநாளாக அலமாரியில் கிடக்கிறது என்றும் பொருள்.

4. பெல்ட்டோடு எவை எவை என்று முழுப் பட்டியல் போடுங்கள்

பெல்ட் அறுந்தது என்று சொல்லப்படும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் முதலில் போனது பெல்ட்டாக இருக்காது. டென்ஷனரின் பேரிங் சிதறியிருக்கும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் உருளை உருகியிருக்கும், அல்லது பம்ப் இறுகியிருக்கும். பெல்ட் பலியானது அதன் பிறகு. எனவே பட்டியல் இப்படி இருக்க வேண்டும்:

பெல்ட், டென்ஷனர், இருந்தால் ஐட்லர் புல்லி, பம்ப், பம்ப்பின் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், முன்பக்கக் கிராங்க் ஆயில் சீல், கேம் ஆயில் சீல், வெளி பெல்ட், கூலன்ட். சில என்ஜின்களில் கிராங்க் புல்லி போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லியிருப்பார்கள். அந்த போல்ட் இறுக்கும்போது சற்றே நீளும் வகை. இரண்டாம் முறை போட்டால் அதே பிடி கிடைக்காது. ரெனோ, ஃபோக்ஸ்வாகன் குழும என்ஜின்களில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஆயில் சீல்களை விட்டுவிடுபவர்கள் அதிகம். விலை சொற்பம், விட்டால் வரும் கேடு பெரிது. கேம் சீலிலிருந்து கசியும் எண்ணெய் பெல்ட்டின் ரப்பரை ஊறவைத்து, பற்களை அடியோடு பெயர்த்துவிடும்.

இத்தனையையும் தனித்தனியாகச் சேர்ப்பதைவிட கிட்டாக வாங்குவது நல்லது. ஆனால் கிட் என்ற சொல்லை நம்பாதீர்கள். சில கிட்டில் பெல்ட்டும் டென்ஷனரும் மட்டும் இருக்கும், சிலவற்றில் பம்ப்பும் இருக்கும். பெட்டியின் மேலுள்ள பட்டியலை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. எந்த நிறுவனத்தின் பாகம் என்று முடிவு செய்யுங்கள்

கார் நிறுவனங்கள் பொதுவாகப் பெல்ட் தயாரிப்பதில்லை; வாங்கிப் பெட்டியில் போடுகின்றன. ஜப்பானிய கார்களின் அசல் பெல்ட்டில் பெரும்பாலும் பாண்டோ, மிட்சுபோஷி, யுனிட்டா என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். ஐரோப்பிய கார்களில் கேட்ஸ், கான்டினென்டல், டேகோ. பேரிங் என்றால் கோயோ, என்.டி.என்., என்.எஸ்.கே., ஐ.என்.ஏ., எஸ்.கே.எஃப். ஜப்பானிய கார்களின் பம்ப்புக்கு ஐசினும் ஜி.எம்.பி.யும் பழகிய பெயர்கள்.

என் தேர்வு வரிசை இது. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகம் நியாயமான விலையில், அண்மைத் தயாரிப்பாகக் கிடைத்தால் அதுவே முதலிடம். கிடைக்காவிட்டால், அந்த என்ஜினுக்கு முதலில் பாகம் கொடுத்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டி. அதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன பெயர்களில் வேறொன்று. இவற்றைத் தாண்டி, கேள்விப்படாத பெயரோடு, பாதி விலையில் வரும் கிட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் பெல்ட் சுமாராக இருந்தாலும் பேரிங் யாருடையது என்று தெரியாது; அடிவாங்குவது அந்தப் பேரிங்தான்.

அசல் பெட்டி என்பதற்காகவே மயங்கவும் வேண்டாம். உற்பத்தி நின்ற பழைய மாடல்களுக்கு அசல் பாகம் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்திருக்கும். அப்போது புதிதாகத் தயாரான வெளி நிறுவன பெல்ட்டே மேல்.

பழைய பாகக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் புதுப்பேட்டையிலும் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் பழைய கார்களுக்கு வேறெங்கும் கிடைக்காத பொருள்கள் கிடைக்கும். உடைந்த டைமிங் மூடி, காணாமல்போன பிராக்கெட், தேய்மானமில்லாத கேம் புல்லி ஆகியவற்றுக்கு அங்கே தாராளமாகப் போகலாம். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் கழற்றிய வண்டியிலிருந்து வாங்கவே கூடாது.

6. பெல்ட்டைக் கையில் எடுத்துச் சோதியுங்கள்

முதலில் கடையில் அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உறையில்லாமல் ஆணியில் தொங்கும் பெல்ட், வாசல் வெயில் படும் அலமாரியில் இருக்கும் பெல்ட், மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பெல்ட் எதுவும் வேண்டாம். பெல்ட்டின் வலிமை ரப்பரில் இல்லை. உள்ளே நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைகளில் இருக்கிறது. இழுத்தால் அசையாத அந்த இழை, இறுக்கி மடித்தால் முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓட ஓட அந்த இடத்தில்தான் அறும்.

இதே காரணத்தால் நீங்களும் பெல்ட்டைத் திருகிப் பார்க்காதீர்கள், உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டாதீர்கள். கடைக்காரர் தரத்தைக் காட்டுவதற்காக இரண்டு விரலுக்குள் மடித்துக் காட்டினால், அந்த பெல்ட்டை அவரிடமே விட்டுவிட்டு வேறொன்று கேளுங்கள்.

அடுத்து முதுகில் உள்ள அச்சைப் படியுங்கள். நிறுவனப் பெயர், பாக எண், தயாரிப்புக் குறி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பல பெல்ட்டுகளில் பற்களின் எண்ணிக்கை, பல் வடிவத்தின் குறியீடு, அகலம் என்ற வரிசையில் ஒரு குறி இருக்கும். அதில் 123 என்று தொடங்கி 270 என்று முடிந்தால் 123 பற்கள், 27.0 மில்லிமீட்டர் அகலம். சிலர் அகலத்தை 27 என்று மட்டும் போடுவார்கள்.

அந்த எண்ணை நம்பிவிடாமல் பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு தொடங்கினால் குழப்பம் வராது. ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ பெல்ட் மாட்டும்போதே தெரிந்துவிடும் என்பார்கள். டென்ஷனர் தன் எல்லைவரை நகர்ந்து அதை மறைத்துவிடும் என்ஜின்களும் உண்டு.

பல்லின் வடிவத்தையும் பாருங்கள். பழைய என்ஜின்களில் பல் சரிவகமாகத் தட்டையாக இருக்கும், பின்னாளில் வந்தவற்றில் வளைவாக இருக்கும். எண்ணிக்கையும் அகலமும் ஒத்துப்போய் வடிவம் மாறினால், பல் புல்லியின் பள்ளத்தில் முழுதாக உட்காராது. கொஞ்ச நாளில் தேய்ந்து தாவும்.

ரப்பர் என்ன வகை என்றும் கேளுங்கள். ஹெச்.என்.பி.ஆர். என்ற ரப்பர், பழைய நியோப்ரீனைவிட வெப்பத்தையும் எண்ணெயையும் அதிகம் தாங்கும். சித்திரை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு இந்த வேறுபாடு பெரிது. கான்டினென்டல், கேட்ஸ் போன்றோர் தங்கள் அட்டவணையில் இதைக் குறிப்பிடுவார்கள்.

7. டென்ஷனரையும் ஐட்லரையும் விரலால் சுழற்றிப் பாருங்கள்

புதிய பேரிங்கைச் சுண்டிவிட்டால் நீண்ட நேரம் சுழல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பாகத்தில் அது கெட்ட அறிகுறி. கிரீஸ் நிறைந்து, இரு பக்கமும் சீல் வைத்த நல்ல பேரிங் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சுழன்று சீக்கிரம் நிற்கும். கலகலவென்று சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே கிரீஸ் போதவில்லை.

பேரிங்கின் ஓரத்தில் தயாரித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். டார்ச் அடித்துப் படியுங்கள். பெட்டியின் மேல் ஒரு பெயரும் பேரிங்கில் வேறொரு புகழ்பெற்ற பெயரும் இருந்தால் கவலை வேண்டாம். கிட் போடுபவர்கள் பேரிங்கை வெளியே வாங்குவது வழக்கம். பெயரே இல்லாத பேரிங்கைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தானாக இழுவை பிடிக்கும் டென்ஷனரில் ஒரு முள்ளும் ஒரு பள்ளமும் இருக்கும். முள் வளையாமல் இருக்கிறதா, பூட்டுப்பின் இருக்க வேண்டிய வகையில் அது எடுக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின் எடுக்கப்பட்டிருந்தால் அது யாரோ மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பாகம்.

8. வாட்டர் பம்ப்பைச் சோதியுங்கள்

பம்ப்பில் பார்க்க வேண்டியவை நான்கு: இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் இறகுச் சக்கரம்), தண்டு, என்ஜினோடு ஒட்டும் முகம், கசிவுத் துளை.

இம்பெல்லர் பிளாஸ்டிக்கா, இரும்பா என்ற சண்டை ஓயாது. ஆக்டேவியா காலத்து ஃபோக்ஸ்வாகன் குழும என்ஜின்களில் பிளாஸ்டிக் இம்பெல்லர் வெடித்தும் தண்டிலிருந்து கழன்றும் என்ஜின் சூடேறிய கதைகள் ஏராளம். அதனால் உலோகமே மேல் என்று முடிவுகட்டிவிட முடியாது. கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீர் ஊற்றி ஓடும் வண்டியில், மெல்லிய தகட்டில் அடித்த இரும்பு இம்பெல்லர் அரித்து, இறகே இல்லாத வட்டத்தகடாகிவிடும். வெளியே ஒரு சொட்டு கசிவிருக்காது. வண்டி மட்டும் சூடேறும். ஆக்டேவியாவுக்கு நான் உலோக இம்பெல்லர்தான் வாங்கச் சொல்வேன். மற்றவற்றுக்கு அசலில் என்ன இருந்ததோ அதையே, நல்ல நிறுவனத்திடம் வாங்குங்கள். கூலன்ட்டைச் சரியாக ஊற்றுங்கள்.

இறகுகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதைப் பார்த்துவைத்து, பழைய பம்ப் கழன்றதும், புதியதை மாட்டும் முன் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பார்க்க ஒன்றாகவே இருக்கும் இரண்டு பம்ப்புகள் எதிரெதிர்த் திசையில் சுழல்பவையாக இருக்கலாம்.

தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் கூடாது. வேகமாகச் சுழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் இரண்டு முகங்கள் உரசும்படி அமைந்தது. அந்த முகங்களைக் குளிர்விப்பது கூலன்ட்தான். காய்ந்த நிலையில் வேகமாகச் சுழன்றால் மாட்டும் முன்பே கீறல் விழுந்துவிடும்.

ஒட்டும் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. கசிவுத் துளை பெயின்ட்டாலோ உலோகப் பிசிறாலோ அடைபட்டிருக்கக் கூடாது. சீல் தேயத் தொடங்கும்போது உங்களுக்கு முதலில் தகவல் சொல்வது அந்தத் துளை.

புதிய பேரிங்கும் சீலும் அடித்துப் பழைய பம்ப்பைச் சரிசெய்து தருபவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வெளியே இருக்கும் மூன்றாம் வகைப் பம்ப்புக்கு, கைத்திறன் தெரிந்தவர் என்றால், அவசரத்துக்குச் செய்யலாம். டைமிங் பெல்ட் சுழற்றும் பம்ப்புக்கு வேண்டவே வேண்டாம்.

9. போலியை ஒதுக்குங்கள்

போலிகள் அதிகம் வருவது பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில்தான். எழுத்துப் பிழை தேடும் காலம் போய்விட்டது. பெட்டி இப்போது அச்சு அசலாக இருக்கிறது. ஆகவே பெட்டியில் உள்ள குறியீட்டைச் சோதியுங்கள். ஐ.என்.ஏ. பாகங்களுக்கு ஷாஃப்லரின் ஆரிஜின்செக் செயலியும், எஸ்.கே.எஃப். பாகங்களுக்கு அந்நிறுவனத்தின் ஆதென்டிகேட் செயலியும் இருக்கின்றன. பெட்டி எண்ணும் உள்ளே பாகத்தின் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தையில் ஒரே பாகத்துக்குப் பல விலை சொல்வார்கள். பாக எண் எழுதிய பில் தரத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்கு நகருங்கள்.

10. மெக்கானிக்கிடம் பாகங்களைக் கொடுக்கும்போது

பெல்ட்டின் ஆயுள் கிலோமீட்டர், ஆண்டு இரண்டாலும் அளக்கப்படுகிறது. எது முதலில் வருகிறதோ அது. ஆகவே வாங்கிய பாகங்களை வீட்டில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காமல், சில வாரங்களுக்குள் வேலையை முடியுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நான்கு விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதலாவது, உங்கள் என்ஜினைப் பூட்டி நிறுத்தும் பின்கள் அவரிடம் இருக்கின்றனவா? டஸ்டர் டீசல், ஆக்டேவியா டீசல் போன்றவற்றுக்கு அவை தேவை. பெயின்ட் அடையாளம் வைத்து மாட்டிவிடலாம் என்று சொல்பவரிடம் அந்த வண்டிகளை விடாதீர்கள்.

இரண்டாவது, பம்ப்பில் ஓ-ரிங் இருந்தால் அதன்மேல் சிலிக்கான் பசை பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். பிதுங்கும் பசை பிய்ந்து ரேடியேட்டரின் நுண்குழாய்க்குள் போய் அடைக்கும்.

மூன்றாவது, பழைய கூலன்ட் துருநிறத்தில் இருந்தால், புதிய பம்ப் மாட்டுவதற்கு முன்பே உள்ளே கழுவச் சொல்லுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட். கலக்க வேண்டியது என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள்.

நான்காவது, மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன், பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, அடையாளங்கள் மறுபடி சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பழைய சிட்டியின் என்ஜின், புல்லிப் பக்கமிருந்து பார்த்தால், மற்ற கார்களைப் போலன்றி இடப்புறமாகச் சுழலும். இது தெரியாமல் எதிர்த்திசையில் சுற்றினால் பெல்ட்டின் தளர்ச்சி தவறான பக்கம் சேர்ந்து, டென்ஷனர் பொய்யான இழுவையில் இறுக்கப்பட்டுவிடும்.

கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். பழைய இம்பெல்லர் அரித்திருந்தால், இத்தனை நாள் உள்ளே என்ன ஓடியது என்று தெரியும். பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி கோணலாக இருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் புதிய பெல்ட்டும் அதே வழியில்தான் போகும்.

தேதி, கிலோமீட்டர், பாக எண்கள் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் மூடியின் மேல் ஒட்டுங்கள். டொயோட்டா டீசல் வண்டிகள் பலவற்றில் டைமிங் பெல்ட் விளக்கு இருக்கும். அதையும் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வண்டி வந்த முதல் வாரம், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் ஒருமுறை சற்றுக் குறையலாம், நிரப்பிக்கொள்ளலாம். தினமும் குறைந்தாலோ, கசிவுத் துளையின் கீழே ஈரம் தொடர்ந்து தெரிந்தாலோ, பில்லோடு பம்ப்பைத் திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துபோவதற்குள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.